மீன்கொத்தியும் துலாக்காலும்
பறவைகளையும் விலங்குகளையும் படம் எடுக்கும் இளையோருக்கு

கடந்த இதழின் பின்னட்டையில் வெளியான மீன்கொத்திப் படத்தை வாசகர் பலர் பாராட்டி எழுதியிருந்தனர். மண்ணிறத் தலை, வெள்ளை மார்பு, நீல முதுகு, சிவந்த அலகு. தடியொன்றின் நுனியில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி தனியே அமர்ந்திருக்கும் படம் அது. பின்னால் பச்சை நிறத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எமக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. எடுத்தவர் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பமொன்றின் மகள். இரவல் வாங்கிய கமராவில் எடுத்திருந்தார்.

பாராட்டுகளுக்கு நடுவே ஒரு கடிதம் வேறு விதமாக இருந்தது. எழுதியவர் அப்பிள்ளையின் தாயார். அவரது அனுமதியுடன் ஒரு பகுதியை இங்கே தருகிறோம்.

"அன்புள்ள சுவாமிக்கு, படம் போட்டதுக்கு நன்றி. பிள்ளைக்கு நல்ல சந்தோசம். ஆனால் ஒரு விசயம் சொல்ல வேணும். நீங்கள் தடி எண்டு நினைச்சது தடி இல்லை. அது எங்கட கிணத்தடித் துலாக்கால். என்ர மாமா நட்டது. பிள்ளை எடுத்த படத்தில கிணத்துக் கட்டும் தெரிஞ்சது, முன்னுக்கு முட்கம்பியும் தெரிஞ்சது. இப்ப இரண்டையும் காணேல்லை. மாமிக்குக் காட்டுவம் எண்டு புத்தகத்தைக் கொண்டு போனனான். அவவுக்குக் கண் மங்கல். 'இது எந்த இடம் பிள்ளை?' எண்டு கேட்டா. நான் சொல்லித்தான் அவவுக்குத் தெரிஞ்சது. முட்கம்பியை எப்பிடி எடுத்தவை எண்டு மகளைக் கேட்டன். விரலால தேய்ச்சால் போகுமாம்."

நாம் செய்தது அதுதான். படத்தின் கீழ்ப்பாதியை வெட்டினோம். அதோடு கிணற்றுக் கட்டு போயிற்று. பறவையின் வாலுக்குக் குறுக்கே மங்கலாக ஓடிய மண்ணிறக் கோடு கண்ணை உறுத்தியது. தொலைபேசியில் உள்ள அழிக்கும் வசதியால் அதைத் தேய்த்து எடுத்தோம். முழுவதற்கும் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 2015க்குப் பின் அப்பகுதியில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது இக்குடும்பத்தின் ஒழுங்கை திறந்தது. காணி கம்பிக்கு உள்ளேயே நின்றுவிட்டது. ஒழுங்கையில் நின்று பிள்ளை எடுத்த படம் அது.

அண்மைக் காலமாக எமக்கு வரும் கடிதங்களோடு பறவைப் படங்களும் விலங்குப் படங்களும் நிறைய வருகின்றன. தறப்பாள் கொட்டிலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், மீளக் குடியேறிய ஊரிலும் குத்தகைக் காணியிலும் கண்டதைப் படமாக எடுத்து அனுப்புகிறார்கள். சில மிகவும் நன்றாக இருக்கின்றன. பல, சிறிய பிழைகளால் கெட்டுப்போகின்றன. ஆகவே இம்முறை படம் எடுப்பதையும் திருத்துவதையும் பற்றியே எழுதத் தீர்மானித்தோம். எமது பிழையையும் அதற்கு உரிய இடத்தில் வைத்து விளக்குவோம்.

கண் தெரிய வேண்டும்

பறவையோ விலங்கோ, படத்தில் முதலில் தெளிவாக இருக்க வேண்டியது அதன் கண். சிறகு சற்று மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். கண் மங்கினால் படம் செத்துவிடும். எனவே கமராவின் குவியத்தைக் கண்ணில் வையுங்கள். தொலைபேசியானால் திரையில் பறவையின் தலையை விரலால் ஒருமுறை தொடுங்கள். கண்ணில் சூரிய ஒளியின் ஒரு சிறு புள்ளி விழுந்திருந்தால் பறவை உயிரோடு உங்களைப் பார்ப்பது போலிருக்கும். கரிச்சானையும் காகத்தையும் எடுக்கும்போது இது மிக முக்கியம். கருமைக்குள் கருங்கண் காணாமலே போய்விடும்.

அடுத்தது உயரம். எமக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை நின்ற நிலையில் எடுக்கப்பட்டவை. நிலத்தில் மேயும் ஆள்காட்டியை நின்றுகொண்டு எடுத்தால் அதன் முதுகும் புல்லும்தான் கிடைக்கும். வரப்பில் குந்துங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். பறவையின் கண்ணும் உங்கள் கமராவும் ஒரே மட்டத்துக்கு வரும்போது பின்னணி தூரத்துக்குப் போய் மங்கி விடும், பறவை முன்னுக்கு வரும். உடுப்பில் சேறு படும். வயலில் வேலை செய்யும் எமது மக்களுக்கு அதுவொரு புதினமல்ல.

ஒளி காலையில்தான் நல்லது. சூரியன் எழுந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம். நண்பகலில் வெயில் நேரே மேலிருந்து விழுவதால் பறவையின் வயிற்றுப்புறம் இருண்டு, முதுகு வெளிறிப் போகும். களப்புக் கரைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒன்பது மணிக்குமேல் நிலம் சூடேறிக் கானல் எழும்பும். தூரத்தில் நிற்கும் பூநாரையை எவ்வளவு விலை உயர்ந்த கமராவால் எடுத்தாலும் தண்ணீருக்குள் தெரிவது போல நெளிந்தே வரும். நிக்கொன் பி900 போன்ற, 83 மடங்கு உருப்பெருக்கும் கமரா வைத்திருப்பவர்கள் இதை அறியாமல் கமராவைக் குறை சொல்வதுண்டு. குறை காற்றில் இருக்கிறது.

வெள்ளைக் கொக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பச்சை வயலில் ஒரு கொக்கு நிற்கும்போது கமரா வயலைப் பார்த்தே ஒளியை அளக்கிறது. விளைவு, கொக்கு சுண்ணாம்பு பூசியதுபோல வரும். இறகின் வரிகள் ஒன்றுமே தெரியாது. பின்னர் எந்தத் திருத்தத்தாலும் அதை மீட்க முடியாது, பதியாத ஒன்றை எங்கிருந்து எடுப்பது? தொலைபேசியில் கொக்கைத் தொட்டதும் பக்கத்தில் ஒரு சூரியக் குறி தோன்றும். அதைக் கீழே இழுத்துச் சற்று இருட்டாக்குங்கள். கமராவில் ஒளியளவை மூன்றில் இரண்டு படியோ ஒரு படியோ குறையுங்கள். இருட்டாக எடுத்ததைப் பின்னர் வெளிச்சமாக்கலாம், வெளிறியதை இருட்டாக்கினால் சாம்பல்தான் மிஞ்சும்.

பறப்பதை எடுக்க வேகம் வேண்டும். நிற்கும் நாரைக்கு ஒரு செக்கனில் 250இல் ஒரு பங்கு போதும். பறக்கும் பருந்துக்கு 1000இல் ஒரு பங்காவது வேண்டும். பஞ்சுருட்டான் போன்ற சிறு பறவைக்கு 2000இல் ஒரு பங்கு. கை நடுங்காமலிருக்க விலை கொடுத்து முக்காலி வாங்கத் தேவையில்லை. சிறு சீலைப்பை ஒன்றில் உமியை நிரப்பிக் கட்டி, வேலிக்கட்டையிலோ வரப்பிலோ வைத்து அதன்மேல் கமராவை அழுத்துங்கள். மணல் நிரப்பினாலும் சரிதான், காவுவதுதான் பாரம்.

தொலைபேசி மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகள் செய்யும் பெரும் பிழை, திரையில் இரு விரலால் விரித்துப் பறவையை இழுத்துப் பெரிதாக்குவது. குறிப்பிட்ட ஓர் எல்லைக்குமேல் அது உருப்பெருக்கமல்ல, வெட்டுதல். அதற்குப் பதில் பறவையைச் சிறிதாகவே விட்டு, அது நிற்கும் இடத்தையும் சேர்த்து எடுங்கள். குளத்து அலைகரையில் பட்ட மரம், அதன் உச்சியில் நீர்க்காகம், கீழே பரந்த தண்ணீர். பறவை உளுந்தளவு இருந்தாலும் படம் நிற்கும்.

பாத்தியும் வரப்பும்

படத்துக்குள் பறவையை எங்கே வைப்பது? படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்று பாத்தியாகப் பிரித்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். வரப்புகள் சந்திக்கும் இடம் நான்கு கிடைக்கும். அச்சந்திகளில் ஒன்றில் பறவையின் கண்ணை வைத்தால் பெரும்பாலும் படம் இசைவாக அமையும். பல தொலைபேசிகளில் இக்கோடுகளைத் திரையில் வரச்செய்யும் வசதி உண்டு. பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில் வெளி அதிகம் இருக்கட்டும். பறப்பதற்கு இடம் விடாமல் சட்டத்தின் விளிம்பில் அலகு முட்டுவதுபோல எடுத்தால், பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். காலையும் வாலையும் வெட்டாதீர்கள். நாரையின் கால் தண்ணீருக்குள் இருந்தாலும் அது தண்ணீரில் இறங்கும் இடம் தெரிய வேண்டும்.

கூட்டத்தை எடுப்பது வேறு வேலை. மன்னாரில் வங்காலைப் பறவைகள் சரணாலயம் 4839 ஹெக்டேயர் பரப்புடையது. 2010இல் சர்வதேச ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவ காலத்தில் அங்கே பூநாரைகளும் ஊசிவால் தாராக்களும் ஆயிரக்கணக்கில் இறங்கும். எமக்கு அங்கிருந்து வரும் படங்களில் எல்லாப் பறவைகளும் இருக்கும், ஒரு பறவையும் இருக்காது. கண் போய்த் தங்குவதற்கு ஒன்று வேண்டும். எல்லாம் தலை குனிந்து மேயும்போது தலை நிமிர்ந்த ஒன்று, அல்லது கூட்டத்தை விட்டுச் சற்று விலகிய ஒன்று. அது வரும்வரை காத்திருங்கள். மாலையில் சூரியனுக்கு எதிரே நின்று வெறும் நிழலுருவாக எடுத்தால் பூநாரையின் வளைந்த கழுத்து ஒன்றே போதும், நிறம் தேவையில்லை.

மன்னார்ப் பறவைகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 2021இல் அங்கே பிடித்து முதுகில் சிறு கருவி பொருத்திப் பறக்கவிடப்பட்ட ஒரு கடற்காகம், ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யாமால் தீபகற்பம் வரை போய், அதே ஆண்டிலேயே மன்னாருக்குத் திரும்பி வந்தது. இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், "அதுக்குப் பாஸ் எடுக்கத் தேவையில்லைத்தானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். எமது உட்பக்கங்கள் கறுப்பு வெள்ளைதான். அதனால் படம் அனுப்புவோர் மனம் சோர வேண்டியதில்லை. தமிழகத்தில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912-1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இந்தியக் காடுகளில் யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துப் பெயர் பெற்றவர். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திய ஒரு பெரிய கமராவைத்தான் காவித் திரிந்தார். உங்கள் படத்தைத் தொலைபேசியில் ஒருமுறை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போன பின்னும் பறவை பின்னணியிலிருந்து பிரிந்து தெரிந்தால் அமைப்புச் சரி. கரைந்து போனால், நிறம் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

கமக்காரருக்கு உள்ள வசதி

நகரத்திலிருந்து வரும் படப்பிடிப்பாளர் பெரிய வில்லையும் இலைநிற உடுப்புமாக வந்து, குளக்கட்டில் ஒரு நாள் நின்று திரும்புவார். கமக்காரருக்கு அந்தச் சிரமம் இல்லை. பறவைகள் அவரை அறியும். உழவு இயந்திரம் வயலில் இறங்கியதும் பின்னாலேயே உண்ணிக்கொக்குகளும் மைனாக்களும் வந்துவிடும். புரண்ட மண்ணில் புழு பொறுக்கும் அவசரத்தில் அவை நாலு முழத்துக்குள் வரும். செம்பருந்தும் மேலே வட்டமிடும். காலபோக விதைப்புக்கு முந்திய உழவின்போது, உழுபவருக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் பிள்ளையிடம் தொலைபேசி இருந்தால், பெரிய வில்லை வைத்திருப்பவருக்கும் கிடைக்காத படம் கிடைக்கும். உழுபவர் தாமே எடுக்க முயல வேண்டாம்.

காவற்கொட்டில் இன்னொரு வசதி. போகம் முழுவதும் அங்கேயே நிற்பதால் பறவைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. உள்ளே அசையாமல் இருந்து, கிடுகு இடைவெளியால் எடுக்கலாம். மேய்ச்சலுக்குப் போகும் எருமைக்குப் பக்கத்தில் நடப்பதும் பலன் தரும். எந்த வாய்க்கால் மதகில் மீன்கொத்தி வந்து குந்தும், எந்தப் பனையில் தூக்கணாங்குருவி கூடு கட்டும், சிறுபோகத்தில் தண்ணீர் வற்றும்போது எந்த மூலையில் மீன் ஒதுங்கும், அங்கே எந்நேரம் நாரை வரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இடம் மாறி வந்தவர்களுக்கு மட்டும் ஒரு போகம் பொறுத்திருந்து புதிய இடத்தைப் படிக்க வேண்டியிருக்கும்.

கால் வைக்கும் இடம்

இப்பகுதியைத் தாய் தந்தையரும் வாசிக்க வேண்டும்.

முதலாவது மிதிவெடி. 2009க்குப் பின் வெடிபொருள் அகற்றும் வேலை பெரும் பரப்பில் நடந்திருக்கிறது. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் இணைந்தது. ஆனாலும் கண் பறவையில் இருக்கும்போது கால் எங்கே போகிறது என்று தெரிவதில்லை. மண்டையோட்டுக் குறியிட்ட பலகையோ, சிவப்புத் தடியோ, நாடாவோ தெரியும் இடத்தை எந்தப் பறவைக்காகவும் தாண்டாதீர்கள். குறி எதுவும் இல்லாத பற்றைக்காட்டுக்குள்ளும், ஊரார் நடந்து பழகாத பாதையில் போகாதீர்கள். பழைய மண் அணைகளும் காவலரண் இருந்த மேடுகளும் மீன்கொத்தி வளை தோண்டுவதற்கு வாய்ப்பான இடங்கள். நீங்கள் நிற்பதற்கு அல்ல. முகாம்களையும் காவலரண்களையும் நோக்கிக் கமராவைத் திருப்பாதீர்கள். பின்னணியில் தற்செயலாக விழுந்தாலும் விசாரணைக்கு ஆளாவது நீங்கள்தான்.

இரண்டாவது யானை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 180 பேருக்கு மேல் யானைகளால் உயிரிழந்தனர். அதே ஆண்டில் இறந்த யானைகள் 480க்கும் மேல். கிட்டப் போய்த் தொலைபேசி நீட்டுவதும், இரவில் மின்னொளி அடித்துப் படம் எடுப்பதும் சாவை அழைப்பது. யானைப் படம் வேண்டுமானால் தூரத்தில், இடையில் தண்ணீரோ வலுவான தடுப்போ இருக்கையில், திரும்பி ஓட வழி வைத்துக்கொண்டு எடுங்கள். குளக்கரையில் படுத்து எடுப்போர் முதலையையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது கூடு. கூட்டில் இருக்கும் குஞ்சைப் படம் எடுக்க இலையையும் கிளையையும் விலக்கினால், நீங்கள் போனபின் வெயிலும் காகமும் அதன் வேலையை முடித்துவிடும். தாய் உணவோடு வந்து உங்களைக் கண்டு உள்ளே போகாமல் கத்திக்கொண்டிருந்தால், உடனே விலகுங்கள். கூடு இருக்கும் இடத்தை எழுதி எமக்கு அனுப்பவும் வேண்டாம், நாம் அதை வெளியிட மாட்டோம். தொலைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், மீனைக் கட்டிப் பருந்தை இறக்குவதும் எமக்குப் பிடிக்காத வேலைகள். அப்படி எடுத்த படங்களைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டோம். சில வேளை எமக்கும் தெரியாது.

வெட்டுதலும் திருத்துதலும்

எடுத்த படத்தை அப்படியே அனுப்ப வேண்டும் என்றில்லை. சிறிய திருத்தம் நெல் தூற்றுவது போன்றது. ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலி ஒன்று போதும். நாம் செய்யும் ஒழுங்கு இது. முதலில் மூலப்படத்தின் பிரதி ஒன்றை எடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்வோம். பின்னர் தண்ணீரின் மட்டத்தைப் பார்ப்போம். குளம் ஒரு பக்கம் சரிந்து நின்றால் மற்ற எது சரியாக இருந்தும் பயனில்லை. பிறகு வெளிச்சம். வெள்ளைப் பகுதிகளைச் சற்று இறக்கி, இருண்ட பகுதிகளைச் சற்று உயர்த்துவோம். நிறத்தைக் கூட்டும் கோலில் கை வைக்கும்போது மிகக் கவனமாக இருப்போம். அதை இழுத்துவிட்டால் கிளி பச்சை எல்லை தாண்டிப் பெயின்ற் பச்சையாகிவிடும். கூர்மையாக்குவதும் அப்படித்தான். இறகின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தோன்றினால் அளவு மீறிவிட்டது. எல்லாம் முடிந்தபின் அரை மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து மறுபடி பார்த்தால், செய்ததில் பாதியைக் குறைக்கத் தோன்றும். குறைத்துவிடுங்கள்.

வெட்டும்போது ஒரு கணக்கு. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். எமது பக்கத்தில் 5 அங்குல அகலத்தில் படம் வர 1500 புள்ளிகள் தேவை. பறவையைப் பெரிதாக்க வெட்டி வெட்டி 400 புள்ளிகளுக்குக் கொண்டுவந்தால் தபால்தலை அளவில்தான் போடலாம். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது தானே படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், சுருங்காது.

இவையெல்லாம் வெளிச்சத்தையும் அளவையும் பற்றியவை. படத்துக்குள் இருந்த ஒன்றை எடுப்பதும் இல்லாத ஒன்றை வைப்பதும் வேறு. லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்றது, படலையைத் தாண்டிப் பாயும் ஓர் ஓநாயின் படம். பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என நடுவர்கள் முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். அதே போட்டியில் 2017இல் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படமொன்றும் அடுத்த ஆண்டில் நீக்கப்பட்டது. அந்த விலங்கு பஞ்சடைத்த பொம்மை என்று கண்டார்கள். இப்போதோ பொம்மைகூடத் தேவையில்லை. சொல்லிக் கேட்டால் இல்லாத பறவையைக் கணினி வரைந்து தருகிறது. அவை எமக்கும் வருகின்றன. கால் விரல்களை எண்ணிப் பார்க்கிறோம்.

எமது மக்களுக்கு இது போட்டி விவகாரம் அல்ல. யானை அழித்த வாழையையும் நெல்லையும் நட்டஈட்டுக்காகப் படம் எடுக்கிறீர்கள். அப்படத்தில் ஒரு துளியும் கை வைக்காதீர்கள், வெளிச்சத்தைக்கூட. முதலில் வயல் முழுவதும் தெரிய ஒன்று, பிறகு அழிவு தெரிய ஒன்று, பிறகு கால் தடத்துக்குப் பக்கத்தில் மண்வெட்டியை வைத்து ஒன்று. கமராவின் திகதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். பின்னணியில் ஊரார் அறிந்த ஒரு மரமோ, கோயிலோ, பாலமோ தெரிய எடுங்கள். தடம் தெளிவாகத் தெரியட்டும் என்று கறுப்பைக் கூட்டிய ஒரு படத்தால் உண்மையான முறைப்பாடு ஒன்று பொய்யாகக் கருதப்பட்டதை நாம் அறிவோம். அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எம்மைப் போலத்தான், படம் நன்றாக இருக்கட்டும் என்று செய்தான்.

இனி மீன்கொத்திக்கு வருவோம். பறவைப் பட விதியின்படி நாம் செய்தது பெரும்பாலும் சரியே. பின்னணியைச் சுருக்கு, கண்ணை இழுக்கும் பொருளை விலக்கு என்றுதான் எல்லா நூல்களும் சொல்கின்றன. அந்த வெட்டோடு நின்றிருந்தால்கூட ஒரு நியாயம் சொல்லலாம். கம்பியை அழித்ததற்கு நியாயமே இல்லை. அதைவிட, வெட்டுமுன் எடுத்தவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பின்னணி என்று நாம் நினைத்ததுதான் அவருக்குப் படமாக இருந்தது, பறவை தற்செயலாக வந்து அமர்ந்தது. அவசரத்தில் மூலப்படத்தின் மேலேயே திருத்தத்தைச் சேமித்தும் விட்டோம். மேலே எழுதிய ஒழுங்கை அன்று நாமே கடைப்பிடிக்கவில்லை. நல்ல வேளையாக இரவல் கமராவின் அட்டையில் படம் அழியாமல் இருந்தது.

அதை வாங்கி மீண்டும் வேலை செய்தோம். துலாக்கால் இயல்பாகவே சரிந்து நிற்கிறது, அதை நிமிர்த்தவில்லை. கிணற்றுக் கட்டின் மட்டத்தை வைத்துப் படத்தைச் சீராக்கினோம். வலப்பக்கம் வெளிறிய வானத்தில் ஒரு கீற்று வெட்டினோம். நிழலில் கிடந்த கட்டைச் சற்று வெளிச்சமாக்கியபோது சீமெந்தில் உடைந்த ஒரு பகுதியும், உள்ளே முளைத்த ஆலங்கன்றும் தெரிந்தன. கம்பியை அது மங்கலாக விழுந்த இடத்திலேயே விட்டோம். மீன்கொத்தி இப்போது சிறிது. மேலே வலப்பக்கத்து வரப்புச் சந்தியில் இருக்கிறது. பறவைப் படம் என்று பார்த்தால் பின்னட்டையில் வந்ததே அழகு என்று எமது ஆசிரியர் குழுவில் இருவர் இன்னும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பிழையென்று எம்மால் சொல்ல முடியவில்லை.

புதிய படம் அடுத்த பக்கத்தில், பக்கத்தின் முழு அகலத்துக்கும் வெளியாகிறது. படத்தின் கீழ் என்ன எழுதுவது என்று இம்முறை கேட்டோம். தாயார் எழுதி அனுப்பியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிடுகிறோம்:

"வெண்மார்பு மீன்கொத்தி, விடிய 6.40. துலாக்கால் பனை. துலாவும் பனைதான், அது இப்ப இல்லை. கிணறு 24 முழம்."

கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லியும் கேட்டிருக்கிறார். மாமி தானே வாசித்துப் பார்க்க வேண்டுமாம்.